தெருமரத்துக்கு ஆள் வேண்டும்: பெங்களூர் மரக் குழுக்களில் தன்னார்வலராகச் சேர முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி, மார்ச்சில் தபேபுயா பூக்கும்போது பெங்களூரில் மரத்தைப் பிடிக்காதவர் ஒருவரும் இல்லை. கப்பன் பார்க் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கிறார்கள். ஏப்ரலில் தங்கள் தெருவில் ஒரு புங்க மரத்தை யாரோ மொட்டையடித்தால், அதே ஆட்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அன்பு குறைவு என்று சொல்ல முடியாது. யாரிடம் கேட்பது, எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் அது மரக் குழு.

மரக் குழு என்றாலே கன்று நடுவது என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் இந்த வேலையில் அதற்குக் கடைசி இடம்தான். ஏற்கெனவே நிற்கிற மரத்தை இன்னும் இருபது வருடம் நிற்க வைப்பதுதான் முதல் வேலை. சூழலியல் ஆய்வாளர் ஹரிணி நாகேந்திராவும் அவருடன் பணியாற்றியவர்களும் பெங்களூர்ச் சாலைகளில் அளந்து பார்த்தார்கள். மரம் உள்ள சாலையில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரையும், தார்ச்சாலையின் வெப்பம் 27.5 டிகிரி வரையும் குறைவாக இருந்தது. இடுப்பளவு கன்று நூறு இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது.

எந்த மாதிரிக் குழு உங்களுக்கு ஒத்துவரும்

இந்த ஊரில் மரத்துக்காகக் கூடுகிறவர்கள் பலவிதம். மரங்களைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு வகை. 2014-இல் குடிமக்களே சேர்ந்து தொடங்கிய 'நெரளு' மரவிழா இந்த வகை: மர நடை, கதை, ஓவியம், குழந்தைகளுக்கான விளையாட்டு. வெட்டுக்கு எதிராகக் கேள்வி கேட்கிறவர்கள் இன்னொரு வகை. சாலை அகலப்படுத்தலின்போது முன்னால் நின்ற 'ஹசிரு உசிரு' வலையமைப்பை இதற்குச் சொல்லலாம். பூக்கும் காலம், காய்க்கும் காலத்தைப் பதிவு செய்கிற 'சீசன்வாட்ச்' போன்ற மக்கள் அறிவியல் திட்டங்களும் உண்டு. ஒரே மரத்தை வாராவாரம் பார்த்து இலை, பூ, காய் எவ்வளவு என்று குறிப்பதுதான் அதில் வேலை. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அது ரொம்பப் பொருத்தம். இவை தவிர வார்டு அளவில், குடியிருப்போர் சங்க அளவில் பத்துப் பதினைந்து பேர் கொண்ட சின்னக் குழுக்கள் இருக்கின்றன. பெரும்பாலான வேலை நடப்பது இந்தச் சின்னக் குழுக்களில்தான்.

சேருவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "போன தடவை இந்த ஏரியாவில் மரம் வெட்டியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" "போன வருடம் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன?" இரண்டாவது கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். பேனர், டீ-சர்ட், விருந்தினர் படம் என்று பதில் நீண்டால் வேறு குழு பாருங்கள்.

உங்கள் பகுதியில் குழுவே இல்லை என்றால் நீங்களே தொடங்குவதில் ஒன்றும் கஷ்டமில்லை. அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு ஆள் சேர்க்கக் கோயில், தேவாலயம், பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு, காலை நடைக் கூட்டாளிகள் போதும். ஆனால் ஒன்று, தமிழ் பேசுகிறவர்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கன்னடம் எழுதத் தெரிந்த ஒருவர், முடிந்தால் இருவர், முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். மனு எழுதும் நாளில் அவர்களைத் தேடி அலைய முடியாது.

முதலில் நடந்து பாருங்கள்

கையில் மண்வெட்டி எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று மர நடைகளுக்குப் போய் வாருங்கள். 1870-இல் உருவான கப்பன் பார்க்கும், 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாகும் நல்ல பள்ளிக்கூடங்கள். லால்பாகின் பெரிய இலவ மரத்தின் அடியில், ஆள் உயரத்துக்கு மேல் சுவர் போல எழும் வேர்களைப் பார்த்தபின் 'வேருக்கு ஒரு அடி இடம் போதும்' என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நடையில் கவனிக்க வேண்டியது பெயர் மட்டும் இல்லை. எந்த மரம் எப்போது பூக்கிறது என்று ஒரு நாட்காட்டி மனதில் விழ வேண்டும். வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற திட்டத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநரான குஸ்தாவ் க்ரும்பீகலைச் சொல்வார்கள். தபேபுயா, ஜகரண்டா, குல்மோஹர், தூங்குமூஞ்சி எல்லாம் கடல் தாண்டி வந்தவைதான். அடுத்த அலை 1980களில் வந்தது. வனத்துறை அதிகாரி சேதுராம் நெகின்ஹால் முன்னின்று சுமார் 15 லட்சம் கன்றுகளை நட வைத்தார். இன்று பல லேஅவுட்களில் நிழல் தருபவை அந்தக் காலத்து மரங்கள்.

குழுக்களில் 'நாட்டு மரமா, வெளிநாட்டு மரமா' என்ற சண்டை கட்டாயம் வரும். புதிதாக நடுவதாக இருந்தால் புங்கன், நாவல், வேம்பு, மகிழம் என்று நம் பக்கத்து மரங்களையே நடலாம். அதற்காக எண்பது வருடத் தூங்குமூஞ்சி மரத்தை "அது நம்மூர் மரம் இல்லையே" என்று விட்டுக்கொடுப்பது அபத்தம். அதில் கூடு கட்டும் பருந்து பாஸ்போர்ட் கேட்பதில்லை.

தெருப் பதிவேடு

அதிகம் பேர் தவிர்க்கும் வேலை இது. ஆனால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. வெட்டிய பிறகு "இங்கே ஒரு பெரிய மரம் இருந்தது" என்று சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். "இன்ன கதவு எண்ணுக்கு எதிரே, இன்ன மின்கம்பத்துக்குப் பக்கத்தில், சுற்றளவு 212 சென்டிமீட்டர் உள்ள புங்க மரம், படம் எடுத்த தேதி இது" என்று சொன்னால் பேனா எடுப்பார்கள்.

ஒரு தெருவுக்கு இரண்டு பேர் போதும். தையற்கடை டேப் ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடும். ஐந்து மீட்டர் துணி டேப் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுப்பது வழக்கம். ஒவ்வொரு மரத்திலும் உயரத்தை அளந்துகொண்டிருக்க வேண்டாம். வீட்டுச் சுவரில் 1.37 மீட்டருக்குக் கோடு போட்டு, அது உங்கள் உடம்பில் எங்கே வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிலருக்குச் சட்டையின் இரண்டாவது பொத்தான், சிலருக்குத் தோள். அப்புறம் அதுதான் உங்கள் அளவுகோல். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே மரம் இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். டேப் மரத்தைச் சுற்றி நேராக இருக்கிறதா என்று மறுபக்கம் போய் ஒருவர் பார்க்க வேண்டும். பின்னால் சரிந்துவிட்டால் அளவு கூடிவிடும். ஆலமரத்தில் விழுதைச் சேர்த்து அளக்கக் கூடாது.

படம் மூன்று: முழு மரம், அடிப்பகுதி, இலையின் இரு பக்கம். மூன்றில் அடிப்பகுதிப் படம்தான் பின்னால் அதிகம் உதவும். மண் தெரிகிறதா, சிமென்ட் எதுவரை வந்திருக்கிறது, வேரை எங்காவது வெட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். ஆணி, கேபிள், கம்பி, பொந்து, தட்டுத் தட்டாக முளைத்த காளான் இருந்தால் குறியுங்கள். புங்க இலையில் பச்சைக் கொப்புளங்கள் இருந்தால் நோய் என்று பதற வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்கிற வேலை, மரம் சாகாது.

பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிவிடுங்கள். கன்னடத்தில் அரளி என்றால் அரச மரம். இதைக் கவனிக்காமல் பட்டியலைக் கலந்தால் நாற்பதடி அரச மரம் ஒன்று பூச்செடிப் பத்தியில் போய் உட்கார்ந்துவிடும். அடையாளம் தெரியாத மரத்துக்குத் 'தெரியவில்லை' என்று எழுதுவது தவறான பெயரை எழுதுவதைவிட மேல்.

மரத்துக்கு முதலுதவி

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பலன் வேண்டுமென்றால் ஆணி பிடுங்குங்கள். புதிதாக வந்தவர்கள் குழுவில் தங்குவதும் இந்த வேலையால்தான். பி.ஜி. விடுதி, டியூஷன், 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' தகடுகள் எல்லாம் மரத்தில்தான் அடித்திருக்கும். குறடு, பின்பக்கம் பிளவுபட்ட சுத்தியல், தடித்த கையுறை, ஒரு டப்பா, சின்ன மரக்கட்டை எடுத்துப் போங்கள். சுத்தியலை நேரே பட்டையில் ஊன்றி நெம்பினால் பட்டை நசுங்கும். மரக்கட்டையைப் பட்டைமேல் வைத்து அதன்மேல் சுத்தியலை ஊன்ற வேண்டும். ஆணி வந்த திசையிலேயே மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். தலை தெரியாத அளவுக்கு மரம் விழுங்கிவிட்ட ஆணியை விட்டுவிடுங்கள். அதைத் தோண்டினால் புதுப் புண்தான். ஓட்டையில் பெயின்ட், சிமென்ட், மஞ்சள் எதுவும் அடைக்காதீர்கள், மரம் தானே மூடிக்கொள்ளும். பிடுங்கிய ஆணிகளை டப்பாவில் போட்டு எடை பார்த்து, படத்தோடு வார்டு அலுவலகத்துக்கு அனுப்பினால் ஒரு வேகம் வரும்.

பழைய இரும்புக் கூண்டு, கன்றாக இருந்தபோது கட்டிய பைண்டிங் கம்பி, கயிறு எல்லாம் மரம் பருக்கப் பருக்க இறுக்கும். உரிமையாளரிடம் அல்லது மாநகராட்சியிடம் சொல்லிவிட்டு வெட்டி எடுக்க வேண்டும். மரத்தில் சுற்றியிருக்கும் எந்த வயரையும் நீங்களாகத் தொடாதீர்கள். அது டிவி கேபிளா மின்சாரமா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுக்கு 1912 என்ற எண்ணில் அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடிமண். நடைபாதை போடும்போது தண்டுவரை சிமென்ட் பூசிவிடுகிறார்கள். அதனால் தண்ணீரும் காற்றும் வேருக்குப் போவதில்லை. மழைக்காற்றில் மரம் சாயும்போது எல்லாரும் காற்றைத் திட்டுகிறார்கள். விழுந்த மரத்தின் வேர்ப் பக்கம் போய்ப் பாருங்கள்: ஒரு பக்கம் சாக்கடைக்காக வேரை நேர்கோட்டில் அறுத்திருப்பார்கள், இன்னொரு பக்கம் சிமென்ட், மேலே ஒயருக்காக ஒரே பக்கக் கிளைகளை வெட்டிப் பாரம் மறுபக்கம் சாய்ந்திருக்கும். டில்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. இங்கே மனு எழுதும்போது அந்த ஒரு மீட்டரைக் குறிப்பிடலாம். கடப்பாரையோடு நீங்களே இறங்க வேண்டாம். நடைபாதை மாநகராட்சியுடையது, கீழே தண்ணீர்க் குழாய் ஓடலாம், வேரும் அடிபடும். வார்டுப் பொறியாளர் ஆளை அனுப்பினால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கோடரி வரும் நாள்

இதற்குத்தான் குழுவே. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-இல் வந்தது. சொந்த வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிற்கும் மரமானாலும் வெட்டுவதற்கு மர அலுவலரின் அனுமதி வேண்டும் என்பது பொது விதி. தென்னை, யூகலிப்டஸ், சவுக்கு, சில்வர் ஓக் போன்ற சில வகைகளுக்கு விலக்கு உண்டு. 50 மரத்துக்கு மேல் வெட்டும் திட்டமென்றால் பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக வரும், அவகாசமும் கொஞ்ச நாள்தான். குழுவில் ஒருவருக்கு இந்த அறிவிப்புகளைப் பார்ப்பது மட்டுமே வேலை என்று கொடுத்துவிடுங்கள்.

திடீரென்று ரம்பச் சத்தம் கேட்டால் நேரே போங்கள், ஆனால் கத்தாதீர்கள். மரத்தில் ஏறியிருக்கிறவர் தினக்கூலிக்காரர். முடிவெடுத்தவர் அங்கே இருக்க மாட்டார். "அண்ணா, ஒரு நிமிஷம். ஆர்டர் காப்பி இருக்கா? கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். தமிழ் புரியாவிட்டால் கன்னடத்தில் "அண்ணா, ஆர்டர் தோர்ஸி" போதும். அல்சூர் பக்கமெல்லாம் பல நேரம் தமிழிலேயே பதில் வரும். ஊர்ப் பேச்சு நாலு வார்த்தை பேசினால், யார் அனுப்பினார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

ஆர்டர் இருந்தால் மூன்று விஷயம் படியுங்கள்: எந்த மரம், எத்தனை மரம், வெட்டா கிளை கழிப்பா. 'கிளை கழிக்க' என்று வாங்கிவிட்டு அடியோடு வெட்டுவது பழைய தந்திரம். ஆர்டரைப் படம் எடுங்கள், மரத்தையும் வண்டி எண்ணையும் சேர்த்து. ஆர்டர் இல்லை என்றால் 1533 உதவி எண்ணுக்கும், உங்கள் பகுதி மாநகராட்சியின் வனப் பிரிவுக்கும், அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் அந்த வரிசையில் அழையுங்கள். செப்டம்பர் 2025 முதல் ஊர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் தெரு எதில் வருகிறது, வன அலுவலர் யார், அவர் எண் என்ன என்பதை அமைதியான ஒரு நாளில் எழுதி வாட்ஸ்அப் குழுவின் மேலே ஒட்டிவிடுங்கள். சனிக்கிழமையும் தொடர் விடுமுறையும்தான் வெட்டுக்குப் பிடித்த நாட்கள். அலுவலகம் பூட்டியிருக்கும், கேட்க ஆள் இருக்காது.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கன்னடத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் நகரும். பதிவேட்டிலிருந்து மரத்தின் விவரம், படம், உங்கள் கோரிக்கை ஒரே வரியில், கீழே அந்தத் தெருக்காரர்களின் கையெழுத்து. நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பம் ஒரே பொருளைப் பற்றி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஆதங்கத்தைக் கொட்டாமல் ஆர்டர் நகல், ஆய்வுக் குறிப்பு, பதிலுக்கு எத்தனை கன்று எங்கே நட்டார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக் கேட்பதால் என்ன நடந்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு 2016 ஞாபகம் இருக்கலாம். பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் வரப்போகிறது, 812 மரம் போகும் என்றார்கள். அந்த அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் சாலையோரம் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். வழக்கும் தொடுத்தார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

எல்லா வெட்டும் அநியாயம் இல்லை. பள்ளி வாசலில் உள்ளே உளுத்துப்போன மரம் நின்றால் அதை எடுக்கச் சொல்லிக் குழுவே மனு கொடுக்க வேண்டும். அப்படி ஒருமுறை கொடுத்துவிட்டால், அடுத்த தடவை "வெட்டாதீர்கள்" என்று போய் நிற்கும்போது அலுவலர் காதுகொடுப்பார்.

நடுவது

ஜூன் மழை பிடித்தபின், ஆகஸ்டுக்குள். ஆறடிக்குக் குறையாத கன்று, இரண்டடிக்குக் குறையாத குழி, மூங்கில் ஊன்று, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற எதிர் வீட்டுக்காரரின் ஒப்புதல். கடைசியாகச் சொன்னது கிடைக்காவிட்டால் நடாதீர்கள். மேலே மின்கம்பி ஓடும் பக்கம் மந்தாரை மாதிரி உயரம் குறைந்த மரம் போதும். குல்மோஹரைக் குறுகலான தெருவில் வைக்க வேண்டாம்: மென்மையான மரம், மேலோட்டமான வேர், மே மாதக் காற்றுக்குத் தாங்காது.

தெருவில் ஒரு மரவிழா

பதிவேடும் மனுவும் மட்டும் இருந்தால் குழு ஆறு மாதத்தில் வற்றிவிடும். வருடத்துக்கு ஒருமுறையாவது கொண்டாடுங்கள். மேடை, மைக் எதுவும் வேண்டாம். ஏழெட்டு மரம், ஒன்றரை மணி நேரம், காலை ஏழு மணிக்குத் தொடக்கம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒருவர் பொறுப்பு, அவர் ஐந்து நிமிடம் பேசுவார். அந்த ஒருவர் தாவரவியல் தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மரத்தடியில் பல வருடமாகப் பூ விற்கும் அக்கா, இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன், அரச மரத்து மேடையில் விளக்கேற்றும் பாட்டி, இவர்கள் பேச்சுக்கு மாணவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். "எங்க மாமியார் காலத்துல இந்த நாவ மரத்துக்கு அந்தப் பக்கம் குளம்" என்று ஒரு பாட்டி ஆரம்பித்தால், அந்த ஒன்றரை மணி நேரத் திட்டம் போச்சு. போகட்டும்.

தமிழில், கன்னடத்தில், இரண்டையும் கலந்து என்று அவரவர் வாய்க்கு வந்த மொழியில் பேசட்டும். பக்கத்தில் ஒருவர் ரெண்டு வரியில் மொழிபெயர்த்தால் போதும். குழந்தைகளுக்குப் பட்டை மேல் காகிதம் வைத்துக் கிரேயானால் தேய்க்கக் கொடுங்கள். விதை, காய்ந்த காய் சேர்க்கச் சொல்லுங்கள். மகாகனி மரம் இருந்தால் அதன் காயில் இருக்கும் சிறகு விதைகளை மாடியிலிருந்து சுழலவிடலாம். வார்டு வன ஊழியரையும் மரம் ஏறும் ஆட்களையும் விருந்தினராகக் கூப்பிடுங்கள். அந்த இட்லி காபிக்குப் பிறகு உங்கள் போனை எடுப்பார்கள்.

குப்பை விழுகிறது, காரில் காக்கை எச்சம், கடை போர்டு மறைகிறது என்று முணுமுணுக்கிறவர்களையும் அன்றைக்கே அழைத்துவிடுங்கள். சருகுப் பிரச்சினைக்குத் தீர்வு இருக்கிறது: கம்பி வலைக் கூண்டு ஒன்று வைத்து அங்கேயே மக்கவிடலாம், எருவை அவர்களுக்கே கொடுக்கலாம். கடை போர்டுக்குத் தீர்வு போர்டை நகர்த்துவது. கடைக்காரரிடம் அதை விழா முடிந்து, காபி குடிக்கும்போது சொல்வது நல்லது.

வீடு மாறும்போது

இந்த ஊரில் பாதிப் பேர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறவர்கள். நல்ல தன்னார்வலர் ஒருவர் வொயிட்ஃபீல்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போனதும் பதிவேடும் அவர் லேப்டாப்போடு போய்விடுகிறது. பதிவேட்டின் நகல் எப்போதும் மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவராவது சொந்த வீட்டுக்காரர். முத்திரை வாங்கிய மனுக்களை ஒரே கோப்பில் தேதி வரிசையில் கட்டி அவரிடமே கொடுங்கள். போகிறவர் தன் தெருவை அடுத்தவரோடு ஒருமுறை நடந்து, எந்த மரத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமையை மாற்றிக் கொடுக்கவும் மறக்க வேண்டாம்.